அந்த 1 மெகாஓம் யாருக்காக?

1960-களில் மாஸ் டிரான்சிஸ்டரோட கால்களையெல்லாம் ஒரு குட்டி ஸ்பிரிங்கால் சேர்த்துக் கட்டி அனுப்புவாங்க. சால்டர் வெச்சப்புறம்தான் கழட்டணும். உள்ளே இருக்கற ஆக்சைடு படலம் அவ்வளவு மெல்லிசு! விரல்ல 'சுரீர்'னு தெரியவே ஏறக்குறைய 3000 வோல்ட் வேணும். அதுக்கு ரொம்பக் கீழேயே சிப் செத்துடும், நமக்குத் தெரியாது.

1968-ல் ஆர்சிஏ சீமாஸ் சிப்புகளைக் கொண்டுவந்தது. தொல்லை சாதாரண ஒர்க்பெஞ்சுக்கும் வந்தது. மணிக்கட்டுப் பட்டை, எர்த் பண்ணின விரிப்பு எல்லாம் பழக்கமாச்சு. 1982-ல் அமெரிக்காவில் இதுக்குன்னே ஒரு சங்கம்கூட ஆரம்பிச்சாங்க (நம்மாளுங்க மட்டும்தான் சங்கம் வைப்பாங்கன்னு நினைக்காதீங்க!).

எனக்குப் பிடிச்சது, பட்டை வயர்ல ஒளிஞ்சிருக்கற 1 மெகாஓம் ரெசிஸ்டர். அது சிப்புக்கு இல்லீங்க, நமக்கு. தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த வயர் வழியா ஓடறது கால் மில்லிஆம்பியருக்கும் கம்மி. வெறும் கம்பியை எர்த்தில் மாட்டிக்கிட்டு உட்கார்றவங்களைப் பார்த்தா பகீர்ங்குது. ரெசிஸ்டர் இருந்தாலும் உடம்புல சேர்ந்த சார்ஜ் கண் சிமிட்டறதுக்குள்ள இறங்கிடுமே!