கறிவேப்பிலைக்குள் ஒரு டென்மார்க் கதை

போன கிழமை குசினியில் கறிவேப்பிலை உருவிக்கொண்டு நிற்க, கூட வேலை செய்கிற டெனிஷ் பொடியன் "இதுக்கு என்ன பெயர்?" என்று கேட்டான். சொன்னேன். அவனுடைய வாயில் நுழையவில்லை. "இதின்ர இலத்தீன் பெயருக்கும் உங்கட நாட்டுக்கும் தொடர்பு இருக்குது" என்றேன். நம்பவில்லை. உங்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

1620இல் டென்மார்க்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இடையில், 1768இல், அங்கிருந்த மிஷனுக்கு மருத்துவராக வந்தவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயசின் மாணவர். அதற்கு முதல் 'புளோரா டானிகா' என்ற டெனிஷ் தாவர நூலுக்காக ஐஸ்லாந்தில் செடி சேர்த்தவர். தரங்கம்பாடியிலிருந்தும் குருவுக்குச் செடிகள் அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு 'பெர்கெரா கோனிகீ' என்று பெயர் வைத்தார். பிறகு அது 'முராயா கோனிகீ' ஆனது. முன்பெயர் மாறினாலும் கோனிக் மட்டும் போகவில்லை.

நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. பிறகு ஆற்காட்டு நவாப்பிடமும் ஆங்கிலக் கம்பனியிடமும் வேலை பார்த்து, சயாம் வரை செடி தேடி அலைந்து, 1785இல் இந்தியாவிலேயே இறந்தார். ஆனால், பெரும்பாணாற்றுப்படையிலேயே 'கஞ்சகம்' என்று வருகிற இலை இது. அவருக்கு அதைக் காட்டி, பெயரும் பயனும் சொன்ன சனத்தின் பெயர் எங்கே?

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவன். 2006இல் ஏ9 பாதை பூட்டியதோடு இரண்டாம் வருடத்தில் படிப்பு நின்றது. இன்று ஹ்விடோவ்ரேயில் இருக்கிறேன். வேலையில் என்னுடைய பெயரையும் இரண்டு எழுத்தாகச் சுருக்கித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பெயர்க் கதை எனக்குச் சுடுகிறது.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். ஹென்றி டிரைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைநூல். 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வந்தது. கடைசிப் பாகங்களை, டிரைமன் இறந்த பிறகு, ஜோசப் ஹூக்கர் முடித்தார். ஆங்கிலம்தான், நடையும் வறட்சிதான். ஆனால் இலத்தீன் பெயருக்குப் பக்கத்திலேயே சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் கிடக்கும். இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்.

வேலை முடிந்து வந்து இரவில் அதைப் புரட்டுவேன். எங்கட வளவு வேலியில் நின்றவை ஒவ்வொன்றாகத் தமிழில் வரும். சொல்லித் தந்தவர்களின் பெயர் அதிலும் இல்லைத்தான். அவர்கள் சொன்ன சொல்லாவது மிஞ்சியிருக்கிறது.