வேலூர்ப் பழியும் பெண்டிங் பிரபுவும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் பயணம் செய்யும் நாம், அச்சாலை மேற்கே வேலூரை நோக்கிச் செல்வதையும், அவ்வூரில் சென்னை ஆளுநர் ஒருவரின் ஆட்சி கறைபட்டதையும் நினைப்பதில்லை.

1803-ஆம் ஆண்டு வில்லியம் பெண்டிங் பிரபு சென்னை மாகாண ஆளுநரானார். அவர் காலத்தில் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக், சிப்பாய்கள் நெற்றிக்குறி அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை தரிக்க வேண்டும் என விதித்தார். தங்களைக் கிறிஸ்தவராக்கும் சூழ்ச்சி இதுவெனச் சிப்பாய்கள் அஞ்சினர். மறுத்தவர்கள் கசையடி பெற்றனர். ஆளுநரோ தலைப்பாகைக்கு இசைவளித்துப் படைத்தலைவரின் பக்கமே நின்றார். நம் திருமறையின் பெயரும் இதனால் அச்சத்திற்குரியதாயிற்று.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை கிளர்ந்தெழுந்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தபின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

1807-இல் ஆளுநரும் படைத்தலைவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். தம் மானத்திற்கு இழுக்கு நேர்ந்ததெனக் கம்பெனி இயக்குநர்களிடம் பெண்டிங் நீண்ட விண்ணப்பம் எழுதி நியாயம் கேட்டார். வேலூர்ப் பழி அவரது உயர்பதவி ஆசையை அணைக்கவில்லை. 1828-இல் கல்கத்தாவில் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1829-இல் உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்தார்; 1835-இல் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுப்பதையும் ஒழித்தார்.

இவை நற்செயல்களே. ஆயினும், சென்னையில் கேட்க மறுத்த குரலைக் கேட்க அவருக்கு 29 ஆண்டுகள் தேவைப்பட்டன. உயர்பதவி அவர் இழந்த மதிப்பை மீட்டது. மாண்டவர்களை யார் மீட்பார்? பதவி உயர்வு பாவப் பரிகாரம் ஆகாது. மாநிலம் ஆண்டவர் நாடாள முன்வரும்போதெல்லாம், முன்பு எவருடைய குரலுக்கு அவர் செவிசாய்க்கவில்லை எனக் கேட்பது நம் கடமையாகும்.