ஹாஃப்கின் ஆய்வகம்: பிளேக் தடுப்பூசியின் வரலாறு

மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் இந்தியாவின் பழைமையான பொதுச் சுகாதார ஆய்வகங்களுள் ஒன்றாகும். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, ஒடெசாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி ஆய்வைத் தொடங்கினார். நோய்க்கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று தடுப்பு மருந்தாக்கினார். 1897 சனவரி 10 அன்று அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1899இல் ஆய்வகம் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது.

1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பழி ஆய்வகத்தின் மீது விழுந்தது. ஹாஃப்கின் பதவி இழந்தார். ஆனால், கிராமத்தில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது தரையில் விழுந்த இடுக்கியை முறையாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதையே சான்றுகள் சுட்டின. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவருக்காக வாதாடினர். 1907இல் பழி நீங்கியது.

இதற்கிடையே ஆய்வகத்தின் பணி நின்றுவிடவில்லை. எலியிடமிருந்து மனிதருக்குப் பிளேக்கைக் கடத்துவது எலித்தெள்ளு என்பதை 1905 முதல் பரேலில் நடந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. எலிகளை ஒழித்தால் நோய் குறையும் என்ற தெளிவு இதனால் பிறந்தது.

ஒருகாலத்தில் பழி சுமந்தவரின் பெயரே 1925இல் ஆய்வகத்துக்குச் சூட்டப்பட்டது.