கெடாத் தோட்டங்களில் திரை

1909ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கையால், இன்றைய மலேசிய மாநிலமான கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து பிரித்தானியர் வசமான பின்னர், அதன் தென்பகுதியாகிய கூலிம், கோலா மூடா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு, ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த தொடர்வீடுகளாகிய லயங்களும் பெருகின. விடியலுக்கு முன்பே பிரட்டுக்கு, அதாவது பெயர் அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, வந்து நின்ற தமிழ்த் தொழிலாளருக்கு மாலைப்பொழுதே ஓய்வாக இருந்தது. அதையும் நெடுங்காலம் தோட்டத்துக் கள்ளுக்கடை விழுங்கியது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் இத்தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தபோது, அந்த மாலைப்பொழுது யாருக்குரியது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

அந்த மாலைப்பொழுதில் திரையும் இடம்பிடித்தது. 1946இல் நிறுவப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப்படங்கள், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசு ஊர்திகள் வழியே தமிழ் விளக்கவுரையுடன் தோட்டங்களை எட்டின. மக்கள் பெரிதும் விரும்பியதோ தமிழ்நாட்டுக் கதைப்படம். திடலில் வெள்ளைத் துணி கட்டப்பட்டதும் பாயும் சாக்குமாகக் குடும்பங்கள் திரண்டன. இடம் கிடைக்காதவர்கள் துணியின் மறுபுறம் அமர்ந்து, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தாலும் பொருட்படுத்தாமல் முழுப் படத்தையும் பார்த்தனர்.

அத்திரையில் தோட்டம் எவ்வாறு தோன்றியது என்பது தனியே கருதத்தக்கது. 1964இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த காதல் நகைச்சுவைப் படமான 'காதலிக்க நேரமில்லை'யின் களம் சின்னமலை எஸ்டேட். வேலைநீக்கம் செய்யப்பட்ட இளைஞன் முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரமிட்டுப் போராடுவதும் அதில் பாட்டும் சிரிப்புமாகிவிடுகிறது. ஆனால் மலாயாத் தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு பிணைந்திருந்ததால் வேலை போனவர் குடியிருப்பையும் இழந்தார். கூடாரமிட அவருக்கு அங்கே நிலம் ஏது? படம் இன்றும் இனிக்கிறது, எனினும் அதன் எஸ்டேட் பங்களாவின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

மலேசியாவில் 1963 டிசம்பர் 28 அன்று தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டாம் அலைவரிசை 1969இல் வந்தது. மின்வசதி குறைந்த லயங்களில் கார் பேட்டரியால் இயங்கிய பெட்டிகளும் இருந்தன. பெட்டி உள்ள வீட்டு வாசலே சிறு திடலாயிற்று. 1996இல் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசை தொடங்கி, சின்னத்திரைத் தொடர்கள் நாள்தோறும் வீட்டுக்குள் நுழைந்த காலத்தில், தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிக்கொண்டிருந்தன; லயத்து மக்கள் சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய் போன்ற ஊர்களின் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் 1960களின் ரப்பர்த் தோட்டக் குடும்பம் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, அது காட்டிய வாழ்வு பெரும்பாலும் நினைவாகியிருந்தது.

கெடாவைப் பொறுத்தவரை, லயத்து வாழ்வைக் காட்டாமல் திரை விட்ட இடைவெளியைப் பெரிதும் நிரப்பியது உரைநடையே. சுங்கைப் பட்டாணி வட்டாரத்து எழுத்தாளர்களான சீ. முத்துசாமியும் கோ. புண்ணியவானும், திரை எட்டிப் பாராத லயத்து அறைகளுக்குள் நுழைந்து, அங்கிருந்த காதலையும் பசியையும் சண்டையையும் அம்மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதினர். முத்துசாமிக்கு 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது.