கரையில் நிற்போரும் நீரில் பாய்வோரும்: பிரபலங்களின் டைவிங் போட்டி குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

2012இல் நெதர்லாந்தின் எஸ்பிஎஸ் 6 தொலைக்காட்சி ஒரு போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் எனப் பெயர் பெற்றவர்கள் சில காலம் டைவிங் கற்றுக்கொள்வார்கள். பிறகு பார்வையாளர் நிறைந்த நீச்சல் அரங்கில் உயர மேடையேறிக் குளத்தில் பாய்வார்கள். நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். வாரந்தோறும் சிலர் வெளியேறுவார்கள். 2013 முடிவதற்குள் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, சீனா என இந்த வடிவம் விலைபோயிருந்தது. ஊடக ஆய்வுகளில் இத்தகைய நிகழ்ச்சிகளை 'வடிவ வணிகம்' என்ற தலைப்பின்கீழ் ஒரு வரியில் வைத்துவிட்டு நகர்வது வழக்கம். எனக்கு இதில் வேறொரு கேள்வி பெரிதாகப் படுகிறது. உயரத்திலிருந்து நீரில் பாயும் உடலை ஊர் கூடி நின்று பார்ப்பது மிகப் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் பாய்பவர் யார், கரையில் நிற்பவர் யார், யாருடைய பெயர் எஞ்சுகிறது?

தமிழில் இக்கேள்விக்கு மிகத் தொன்மையான ஒரு சான்று உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், முதுமையில் தள்ளாடும் ஒருவர் தம் இளமையை எண்ணிப் பார்க்கிறார். நீர்த்துறையின்மேல் தாழ்ந்து வளைந்த மருத மரத்தின் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் வியக்க, நீர் தெறிக்க ஆழ்ந்த மடுவில் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்து காட்டிய இளமை அது. கையறுநிலைத் துறைப் பாட்டாக இதைப் பலரும் படித்திருப்போம். விளையாட்டு வரலாற்றின் கண்கொண்டு படித்தால் இதில் மூன்று செய்திகள் தென்படுகின்றன. பாய்ச்சலுக்கு உயரமும் ஆழமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பார்ப்பவர் இல்லாமல் பாய்ச்சல் நிறைவு பெறுவதில்லை. ஆழம் தொட்டதற்குக் கைப்பிடி மணல் சான்றாகிறது. மதிப்பெண் அட்டை இல்லாத காலத்தின் மதிப்பெண் அம்மணல்தான்.

இன்னொன்றும் உண்டு. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றி நின்ற தடியைக் குறிக்கும் அவருடைய தொடரே பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். பாய்ந்த இளைஞனின் பெயர் போய்விட்டது. கிழவனின் கைத்தடி எஞ்சியது. ('குளித்தல்' என்ற சொல்லுக்கு அப்பாட்டில் மூழ்குதல் என்பதே பொருள். இன்று அப்பொருள் முத்துக்குளித்தலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கும் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.)

பாய்ச்சலே பிழைப்பாகும்போது கரையின் தன்மை மாறுகிறது. பதேபூர் சிக்ரியின் உயர்ந்த மதிலிலிருந்தும் மெஹ்ரோலியின் படிக்கிணறுகளிலும் பயணிகள் வீசும் காசுக்காக ஆண்களும் சிறுவர்களும் குதித்தது பலர் கண்டு எழுதிய காட்சி. ஏறத்தாழ அதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அப்பால் சாம் பேட்ச் என்ற பஞ்சாலைத் தொழிலாளி இருந்தார். அமெரிக்காவின் பாட்டக்கெட் ஆலைகளில் சிறுவனாக வேலைக்குப் போனவர். 1827இல் பேட்டர்சன் நகரில், செல்வர் ஒருவர் தாம் கட்டிய பாலத்தை அருவிக்குக் குறுக்கே நிறுவிய விழாவன்று, அதே அருவியில் குதித்து விழாவின் கவனத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். 1829இல் நயாகராவில் குதித்துப் பிழைத்தார். அவ்வாண்டு நவம்பர் 13 அன்று ராச்செஸ்டரில், ஜெனசீ அருவியில், பெருங்கூட்டத்தின் முன் குதித்தவர் உயிருடன் மேலே வரவில்லை. பெயரற்ற ஓர் ஆலைத் தொழிலாளி பெயர் பெறுவதற்கு இருந்த ஒரே முதல் அவருடைய உடல். கிரண்காவின் ஆலைகள் சூழ வளர்ந்த மும்பைக்கு இக்கதை அந்நியமானதன்று.

இந்தக் கூத்தை விளையாட்டாக்கிய பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது. ஜெர்மனியிலும் சுவீடனிலும் உடற்பயிற்சி வீரர்கள் தம் வித்தைகளை நீருக்கு மேல் செய்து பழகினர். 1895இல் இலண்டனின் ஹைகேட் குளத்தில் உயிர்காப்புச் சங்கத்தினர் ஒரு போட்டி நடத்தினர். அதன் பெயரிலேயே 'நளினம்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் டைவிங் இடம்பெற்றபோது ஒரு தகராறு எழுந்தது. காற்றில் செய்யும் சுழற்சிக்கே மதிப்பு, நீரில் எப்படி விழுந்தால் என்ன என்பது ஜெர்மானியர் கட்சி. நீரில் நுழையும் விதமும் கணக்கில் சேரும் என்ற கட்சியே வென்றது. அன்றுமுதல் இவ்விளையாட்டின் இலக்கணம் அதுதான். பத்து மீட்டர் மேடையிலிருந்து பாய்பவர் ஏறத்தாழ 1.4 விநாடியில் நீரை அடைகிறார். அப்போது வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்த வேகத்தில் கைகள் நீரில் ஒரு துளையைத் திறக்க, உடல் முழுதும் அதே துளை வழியே நுழைய வேண்டும். நீர் தெறிக்கக் கூடாது. தெறித்தால் மதிப்பெண் குறையும்.

2013இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்த நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'ஸ்பிளாஷ்', அதாவது தெறிப்பு. விளையாட்டு எதைக் குற்றம் என்று நூறாண்டுகளாகக் கழித்துவந்ததோ அதுவே நிகழ்ச்சியின் தலைப்பாயிற்று. இப்பெயர்த் தேர்வு தற்செயலானது என்று நான் கருதவில்லை. தேர்ந்த டைவிங் தொலைக்காட்சிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும் காட்சி. ஒரு விநாடி, ஒரு கோடு, சிறு குமிழ். அறியாதவர் வயிறு அடிபட விழும்போதுதான் மெதுவாக்கிக் காட்ட ஏதோ கிடைக்கிறது. ஜெர்மனியில் ஸ்டெஃபான் ராப் 2004லேயே தம் நிகழ்ச்சியில் பிரபலங்களை மேடையேற்றிக் குதிக்கவைத்தபோது இந்த உண்மை கண்டுகொள்ளப்பட்டுவிட்டது.

இலண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் மேடையில் வெண்கலம் வென்ற டாம் டேலி, சில மாதங்களுக்குள், 2013 ஜனவரியில் ஐடிவி நிகழ்ச்சியின் பயிற்றுநராக அமர்ந்தார். பிரிட்டிஷ் நீச்சல் அமைப்பின் தலைமை நிர்வாகி டேவிட் ஸ்பார்க்ஸ் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். வீரனின் நேரம் பயிற்சிக்கா, படப்பிடிப்புக்கா என்பது அந்தக் கவலை. முதல் தொடரில் வென்றவர் எடி எட்வர்ட்ஸ். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குத் தாவலில் கடைசியாக வந்ததாலேயே உலகப் புகழ் பெற்றவர் அவர். தோல்வியால் பெயர் பெற்றவர் வேறொரு பாய்ச்சலில் முதலிடம் பெற்றது அந்த நிகழ்ச்சியின் உள்ளியல்பைச் சொல்லிவிடுகிறது என்பேன். அமெரிக்காவின் ஏபிசி நிகழ்ச்சியில் அறுபத்தைந்து வயதில் கூடைப்பந்தாட்ட வீரர் கரீம் அப்துல் ஜப்பார் குதித்தார். பயிற்றுநராக இருந்தவர் கிரெக் லூகானிஸ். 1984, 1988 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் ஸ்பிரிங்போர்டு, மேடை இரண்டிலும் தங்கம் வென்றவர். சியோலில் பலகையில் தலை மோதியும் மீண்டும் ஏறிப் பாய்ந்தவர். அத்தகையவர் இங்கே கரையில் நின்று கைதட்டும் பாத்திரம் ஏற்றார். பாயத் தெரிந்தவர் கரையிலும், தெரியாதவர் மேடையிலும் நிற்பது இவ்வடிவத்தின் அடிப்படை விதி.

இதைப் பிரபலங்களின் துணிச்சல் என்று கொண்டாடுவோரை நான் முற்றிலும் மறுக்கவில்லை. பத்து மீட்டர் உயரத்தின் அச்சம் யாருக்கும் பொதுவானது. எலும்பு புகழ் பார்த்து முறிவதில்லை. ஆயினும் அவர்களைச் சுற்றிப் பயிற்றுநர், மருத்துவர், ஒளிப்பதிவாளர், காப்பீடு என ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது. வலைக்கு வெளியே நின்றவருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சீனா காட்டியது. 2013 ஏப்ரலில் அங்கு இரு மாகாணத் தொலைக்காட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு இந்த வடிவத்தை ஒளிபரப்பின. ஜியாங்சு நிலையத்தின் நிகழ்ச்சி பெய்ஜிங்கின் ஒலிம்பிக் நீச்சல் அரங்கான 'வாட்டர் கியூப்'பைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. அந்த மாதம் செஜியாங் நிலைய நிகழ்ச்சியின் பயிற்சிக் குளத்தில் ஓர் இளைஞர் மூழ்கி இறந்தார். அவர் போட்டியாளர் அல்லர். போட்டியிட்ட நடிகர் ஒருவரின் உதவியாளர். செய்திகளின் தலைப்பில் நின்றது நடிகரின் பெயர்.

மும்பைத் தொலைக்காட்சிக்கு இத்தகைய வடிவம் புதிதன்று. 'ஃபியர் ஃபேக்டர்' என்ற மற்றொரு டச்சு மூல நிகழ்ச்சியைக் கலர்ஸ் நிலையம் தான் தொடங்கிய 2008 ஜூலையிலேயே 'கத்ரோன் கே கிலாடி' ஆக்கி, அக்‌ஷய் குமார் நடத்த, பிரபலங்களைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது. முதல் தொடரில் வென்றவர் நேத்ரா ரகுராமன். இதே நாட்டில், 1951 புதுதில்லி ஆசிய விளையாட்டில் டைவிங்கில் தங்கம் வென்ற கே. பி. தாக்கரின் பெயரை வகுப்பறையில் கேட்டுப் பாருங்கள். விளையாட்டு வரலாறு படிப்போரும் சற்றுத் தயங்குவர்.

காட்கோபரிலிருந்து இதை எழுதுகிறேன். 2014 ஜூனில் திறக்கப்பட்ட மெட்ரோ இங்கிருந்து புறப்பட்டு, தொலைக்காட்சி நடிகர் பலர் வாழும் அந்தேரி, வெர்சோவா வரை பதினொரு கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டில் ஒரு நாள் அந்த நட்சத்திரங்களே இப்பக்கம் வருகிறார்கள். அது தஹி ஹண்டி நாள். நம் உறியடியின் மராத்திய உறவான அவ்விழாவில் காட்கோபருக்குத் தனிப் பெயர் உண்டு. அலங்கரித்த மேடையில் திரைப் பிரபலங்களும் அரசியல்வாதிகளும் நிற்க, கீழே சால்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மனித அடுக்கு எழுப்புகிறார்கள். ரமாபாய் நகரும், தமிழர் குடியேற்றத்தைப் பெயரிலேயே சொல்லும் காமராஜ் நகரும் இதே காட்கோபரில்தான் உள்ளன. டைவிங் நிகழ்ச்சி புரட்டிப்போட்ட வரிசை இங்கு பழையபடியே நிற்கிறது: பிரபலம் கரையில், பெயரற்றவர் உயரத்தில்.

உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012இல் தானேயில் ஜெய் ஜவான் குழுவினர் எழுப்பிய ஒன்பது அடுக்கு 13.34 மீட்டர், கின்னஸ் பதிவு. ஒலிம்பிக் டைவிங் மேடையைவிட மூன்று மீட்டருக்கு மேல் அதிகம். மேடைக்குக் கீழே ஐந்து மீட்டர் நீர் இருக்கும். அடுக்குக்குக் கீழே தார்ச்சாலையும் சக மனிதர்களின் தோள்களும். உச்சியில் ஏறுபவர் எடை குறைந்தவராக இருக்க வேண்டும் என்பதால் அவ்விடம் நெடுங்காலம் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. 2014 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைத் தடுத்து, உயரத்தை இருபது அடிக்குள் நிறுத்தச் சொன்னது. அதாவது ஆறு மீட்டர், டைவிங்கின் ஐந்து மீட்டர் மேடைக்குச் சற்று மேல். வழக்கு உச்ச நீதிமன்றம் போய்த் திரும்பியது. 2017இல் உயர வரம்பு அரசின் பொறுப்பில் விடப்பட்டது. வயது பதினான்கு ஆயிற்று. மரபின் பெயரால் எழுந்த எதிர்ப்பை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அக்குழுக்களில் ஆண்டு முழுதும் நடக்கும் பயிற்சியும் தோழமையும் உண்மையானவை; புறநானூற்றுக் கிழவர் ஏங்கிய இளமை அதில் இருக்கிறது. ஆனால் பரிசுத் தொகை இலட்சங்களில் ஏறியதும், மேடையில் நட்சத்திரம் நிற்பதும், ஒளிபரப்பு வண்டி வந்து நிற்பதும் அந்த உயரத்தை எவ்வளவு உயர்த்தின என்பது ஆராயப்பட வேண்டிய வரலாறு. மும்பையின் மாணவர்கள் யாரேனும் இதை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். குழுக்களின் சொந்தப் பதிவேடுகளும் நினைவுகளும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன.

2015இல் மாநில அரசு தஹி ஹண்டியைச் சாகச விளையாட்டாக ஏற்றது. 2022 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அதற்கு விளையாட்டு என்ற தகுதி அறிவிக்கப்பட்டபோது, அடுக்கிலிருந்து விழுந்து இறக்கும் கோவிந்தாவின் குடும்பத்துக்கு வழங்கப்படும் தொகையும் குறிக்கப்பட்டது: பத்து இலட்சம் ரூபாய்.