கோழி எப்போது கால்நடை ஆனது?

எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது அதன் வரையறைப் பகுதியைத்தான். தொழில் புத்தி. புரோகிராமில் ஒரு வேரியபிளை எங்கே டிக்ளேர் பண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் மேலே போகமாட்டோம் இல்லையா, அதுபோலத்தான். 'கால்நடை' என்று சட்டம் சொன்னால் அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? மாடு உண்டு, ஆடு உண்டு. கோழி? வெறும் சொல் பிரச்சினை மாதிரித்தான் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு நாய் உங்கள் கோழியைக் கடித்துப் போட்டுவிட்டால் காசு கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த ஒரு சொல்லில் தொங்கிய கதை இருக்கிறது. அதைத் தேடிப்போனபோது எடுத்த குறிப்புகள்தான் இவை.

நம் பழைய இலக்கியத்தில் கோழிக்கு எதிரி நாய் இல்லை. குறுந்தொகை 139-ல் (ஒக்கூர் மாசாத்தியார் பாடியது) மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட, வீட்டுக் கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவிக் கூட்டுகிறது. 107-ல் விடியற்காலையில் கூவித் தூக்கத்தைக் கெடுத்த சேவலை, பூனைக்குட்டிக்கு இரையாகப் போ என்று தலைவி சபிக்கிறாள். இரண்டிலும் வருவது வெருகுதான். அது இருட்டில் வரும். அதனால் காப்பும் இருட்டுக்கானதுதான்: கொங்கு நாட்டில் கொடாப்பு, தெற்கே பஞ்சாரம். கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் வேலை முடிந்தது.

நாய்க்கு இது சரிப்படாது. அது பகலில் வரும், கோழி மேய்கிற நேரத்தில். பகலெல்லாம் கூடைக்குள் அடைத்து வைத்தால் அது புறக்கடைக் கோழி வளர்ப்பே இல்லை. தீனி வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. வெருகுக்கு உரிமையாளர் கிடையாது, நாய்க்கு உண்டு. கூடை முடிகிற இடத்தில் சட்டம் தொடங்குவது இதனால்தான்.

ரோமர்கள் இதை ரொம்ப முன்னாடியே யோசித்திருக்கிறார்கள். பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே (சுமார் கி.மு. 450) ஒரு விதி உண்டு: உன் நாலுகால் பிராணி அடுத்தவனுக்கு நஷ்டம் பண்ணினால் நஷ்டத்தைக் கொடு, இல்லையென்றால் பிராணியையே கொடுத்துவிடு. அப்புறம் வந்த அக்குவிலியச் சட்டம் மனிதன் அடுத்தவர் சொத்தை அழித்தால் என்ன விலை என்று பேசுவது. அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. மந்தையாக மேயும் நாலுகால் பிராணியைக் கொன்றால், கடந்த ஒரு வருஷத்தில் அதற்கு இருந்த அதிகபட்ச விலை. மற்றதெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தில். அதற்கு 30 நாள் கணக்குதான். நாய் மந்தைப் பிராணி இல்லை என்பதால் மூன்றாம் அத்தியாயம். கோழிக்கு நாலு கால் இல்லையே, அதுவும் அங்கேதான். நாயும் கோழியும் ஒரே வரிசையில்!

இந்த ஒரு வருஷம், 30 நாள் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று காங்கேயம் பக்கம் இருக்கும் என் அத்தையைக் கேட்டால் தெரியும். சில வருஷம் முன்னால் பக்கத்துத் தோட்டத்து நாய் ஒரே மத்தியானத்தில் அவருடைய ஏழு கோழிகளைக் கொன்றுவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நாய்க்காரர் கறி விலை போட்டுக் கொடுக்கத் தயார் என்றார். "கறிக் கோழிக்குத்தானுங்க கறி வெல? அதுல ரெண்டு அடைக்கு உக்காந்திருந்துது. முட்டைக்கும் வரப்போற குஞ்சுக்கும் யாரு கணக்குச் சொல்றது?" என்று அத்தை கேட்டாராம். பதில் வரவில்லை, கறி விலைதான் வந்தது. கோழிக் காசு வீட்டுப் பெண்ணின் காசு. பால் பணம் சொசைட்டி வழியாக மாமா கைக்குப் போகும். முட்டைக் காசு அத்தையின் சுருக்குப் பைக்கு. பேத்தியின் கொலுசு அந்தப் பையிலிருந்து வந்ததுதான். கூடிப் பேசுகிற இடத்தில் அது சில்லறையாகத் தெரிகிறது.

சரி, இங்கிலாந்துக்குப் போவோம். கோழி பட்டியலுக்குள் நுழைந்த தேதியைத் துல்லியமாகச் சொல்ல முடிகிற இடம் அது.

அங்கே பழைய பொதுச் சட்டப்படி, நாய் செய்ததற்கு உரிமையாளர் பணம் கொடுக்க வேண்டுமென்றால், இந்த நாய் இப்படிச் செய்யும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கணும். தெரியும் என்று நிரூபிக்க வேண்டியது, பிராணியைப் பறிகொடுத்தவர். ஸ்காட்லாந்தில் நாய் ஆட்டைக் கடித்த ஃப்ளெமிங் எதிர் ஆர் வழக்கு 1855-ல் லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. கீழே ஆட்டுக்காரர் ஜெயித்திருந்தார். மேலே அது புரண்டுவிட்டது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தடவை ஆட்டைக் குதற உரிமை உண்டு போலிருக்கிறது என்று அங்கத்திய நீதிபதி காக்பர்ன் சொன்னதாக ஒரு பேச்சும் உண்டு. அந்த முதல் தடவைக்கு எப்போதும் ஆட்டுக்காரர்தான் பணம் கட்டினார்.

ஆட்டுக்காரர்களுக்கு ஆள் பலம் இருந்தது. ஸ்காட்லாந்துக்கு 1863-லும் இங்கிலாந்துக்கு 1865-லும் சட்டம் வந்தது: ஆடு மாடு என்றால் உரிமையாளருக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே வேண்டாம், நேராக நஷ்ட ஈடு. உடனே வரையறைச் சண்டை. குதிரை 'மாடு'க்குள் வருமா? வரும் என்று 1869-ல் ஒரு கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 1906-ல் பட்டியலையே எழுதி வைத்துவிட்டார்கள்: குதிரை, கோவேறு கழுதை, கழுதை, செம்மறி, வெள்ளாடு, பன்றி. கழுதைக்குக்கூட இடம் கிடைத்தது, கோழிக்குக் கிடைக்கவில்லை. கோழி வளர்த்தவர்களுக்கு மட்டும் இன்னமும் அந்தப் பழைய நிரூபணம்தான்.

நடுவில் 1926-ல் ஒரு பூனைக் கேஸ். பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே புகுந்து 13 புறாக்களையும் 2 குட்டைக் கோழிகளையும் கொன்றுவிட்டது. பக்கிள் எதிர் ஹோம்ஸ் என்று பெயர். அப்பீல் கோர்ட் வரை போயும் கோழிக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பூனை பூனையின் சுபாவப்படி நடந்துகொண்டது, உரிமையாளர் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். ஒக்கூர் மாசாத்தியார் இதைக் கேட்டிருந்தால் அந்தப் பேடைக்காக இன்னொரு பாட்டு எழுதியிருப்பார்.

இரண்டே வருஷத்தில், 1928-ல், நாய்கள் திருத்தச் சட்டம். பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. சாரம், 1906-ல் சொன்னது கோழியினங்களுக்கும் பொருந்தும் என்பதுதான். ஆட்டுக்குச் சட்டம் வந்து 63 வருஷம் கழித்து. ஏன் அப்போது? முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே கோழி வளர்ப்பு வீட்டுக்காரம்மாவின் கைச்செலவு என்ற நிலையிலிருந்து தொழிலாக வளர்ந்திருந்தது. ஆண்களும் முதல் போட்டார்கள். கோழி மாறவில்லை, கோழிக்காரர் மாறினார். என் அபிப்பிராயம் இது.

இப்போது அங்கே நடப்பிலிருக்கும் 1971-ம் வருஷ விலங்குகள் சட்டத்தில் கோழி, வான்கோழி, வாத்து, கூஸ் வாத்து, கினிக்கோழி, புறா, மயில், காடை எல்லாமே கால்நடைதான். ஆனால் சுவாரசியம் விதிவிலக்குகளில் இருக்கிறது. உங்கள் கோழி வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், அங்கே அந்த வீட்டு நாய் கடித்தால் ஒன்றும் கிடையாது. நாயைச் சுட்டுவிட்டு, 48 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லி, கோழியைக் காப்பாற்றத்தான் சுட்டேன் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் கடித்துக்கொண்டிருக்கும்போது, அல்லது கடிக்கப் பாயும்போது, வேறு வழியே இல்லாமல் சுட்டிருக்கணும். கடித்து முடித்த நாய் அங்கேயே யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் நின்றால் அப்போதும் சுடலாம், அது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை என்றால். பக்கத்து வீட்டு நாய் என்று தெரிந்துவிட்டால் அந்த இரண்டாவது கதவு மூடிக்கொள்ளும். யாரென்று தெரிந்தபின் துப்பாக்கி எதற்கு, போய்க் கணக்குக் கேள் என்பதுதான் அதன் தர்க்கம். நல்ல டிசைன் என்றே சொல்வேன்.

நம் பக்கம்? 1871-ம் வருஷக் கால்நடை அத்துமீறல் சட்டத்தின் வரையறையில் யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, கோவேறு கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டிவரை இருக்கிறது. கோழியும் இல்லை, நாயும் இல்லை. பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைக்க வந்த சட்டம் அது, கோழியைக் கடித்த நாயை அல்ல. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 428-ல் பத்து ரூபாய் பெறுமானமுள்ள பிராணியைக் கொல்வது குற்றம். அந்தக் காலத்தில் எந்தக் கோழி பத்து ரூபாய் பெற்றிருக்கும்? நாயைச் சரியாகக் கவனிக்காத உரிமையாளருக்கு 289-ல் தண்டனை உண்டு, ஆனால் ஆபத்து மனிதனுக்கு என்றால்தான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291 ஆகியிருக்கிறது, ஆபத்து இன்னமும் மனிதனுக்குத்தான். 428-ம் 429-ம் சேர்ந்து 325 ஆனதில் பத்து ரூபாய் வரம்பு போய்விட்டது, கொல்வதற்குத் தண்டனை ஐந்து வருஷம்வரை. அதாவது, கோழியைப் பறிகொடுத்த கோபத்தில் ஒருத்தர் அந்த நாய்க்கு விஷம் வைத்தால் அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். கோழி செத்ததற்கு சிவில் கோர்ட்தான் வழி. அங்கே, நாயின் குணம் உரிமையாளருக்குத் தெரியுமா என்ற 1855-ன் கேள்வி காத்திருக்கும். இங்கிலாந்தின் 1928 நம் ஊருக்கு வரவில்லை. ஏழு கோழிக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? அதனால்தான் நம் ஊரில் இது எப்போதும் திண்ணையில் முடிகிறது, கறி விலையில்.

2025 தொடக்கத்தில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் நாய் கடித்துச் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததும், தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு அரசு நஷ்ட ஈடு அறிவித்ததும் ஞாபகம் இருக்கும். கோழியும் அந்த அறிவிப்பில் இருந்தது. அத்தையிடம் போனில் சொன்னேன். "தெரு நாய்க்குத்தான கண்ணு? பக்கத்துத் தோட்டத்து நாய் ரோட்டு மேல திரிஞ்சா அது தெரு நாயா, அவரு நாயா?" என்றார்.