தகடு வேலை: எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐ.டி.ஐ.யில் இடமுண்டு

ஹிஃப்ழ் முடித்து வரும் பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். "இனி இவனை என்ன படிக்க வைப்பது, ஹஜ்ரத்?" என்று பெற்றோர் கேட்கும்போது நான் சொல்லும் தொழில்களில் ஒன்று ஷீட் மெட்டல் ஒர்க்கர். ஐ.டி.ஐ.யில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் போல எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேர முடிகிற சில பிரிவுகளில் இதுவும் ஒன்று. 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஒரு வருடப் படிப்பு.

தகர வேலை என்றதும் நம் மக்களுக்கு வாளியும் புனலும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பட்டறைகள் குறைந்துவிட்டன. இன்று ஏசி காற்று செல்லும் டக்ட், ஹோட்டல் சமையலறையின் புகைக்கூண்டு, மின்சாரப் பேனல் பெட்டி, பஸ் பாடி எல்லாமே தகடு வேலைதான். வளைகுடாவில் கட்டடத்துக்குக் கட்டடம் டக்ட் இருப்பதால், அங்கே இந்த வேலைக்கு ஆள் தேவை உண்டு.

வேலையின் உயிர் அளவில் இருக்கிறது. 300 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் செய்ய எவ்வளவு அகலத் தகடு வேண்டும்? 300-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 942 மி.மீ. இரண்டு ஓரங்களையும் மடித்துக் கோர்க்க 6 மி.மீ. மடிப்பு என்றால், அதைப் போல் மூன்று மடங்கு, அதாவது 18 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். ஆக 960. இதை மறந்து வெட்டினால் தகடு வீண். ஒரு பக்கம் சதுரமாகவும் மறுபக்கம் வட்டமாகவும் இருக்கும் இணைப்பை முதலில் விரித்து வரைந்து, பிறகு வெட்டி மடிப்பது இன்னும் கடினம். தகட்டின் தடிமனைக் கேஜ் என்பார்கள். எண் கூடினால் தகடு மெலியும். 26 கேஜை விட 22 கேஜ் தடிமன். 'படிப்பு வரவில்லை, கையால் ஏதாவது செய்யட்டும்' என்று பிள்ளையை இதில் தள்ளிவிடுவது சரியல்ல. கணக்கில் கொஞ்சமாவது பிடிப்பு வேண்டும்.

கத்தரி, மரச்சுத்தி, மடிக்கும் இயந்திரம், ரிவெட், சால்டரிங், வெல்டிங் ஆகியவை பயிற்சியில் வரும். தகட்டின் ஓரம் கத்தி போல அறுக்கும், கையுறை அவசியம். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். காற்றோட்டமுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

தமிழகத்தின் அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எல்லா ஊரிலும் இந்தப் பிரிவு கிடையாது. விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வில் வென்றால் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். பிறகு ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து பழகலாம். அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. எட்டாம் வகுப்புச் சான்றிதழே இல்லாதவர்கள் தனித்தேர்வராக எழுதலாம்.

ஆனால் எட்டோடு நிற்காதீர்கள். கடற்படைக் கப்பல் தளங்களின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் இந்தப் பிரிவின் பெயர் வரும். அங்கே பத்தாம் வகுப்பும் கேட்பார்கள். வெளிநாடு செல்வதிலும் இதே சிக்கல்தான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவர்களுக்குப் பொதுவாக இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும், சவூதி, அமீரகம், கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. இதுவோ ஒரு வருடப் படிப்பு. எனவே ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதோ முடித்த பிறகோ, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை எழுதி முடித்துவிடுவது நல்லது.

ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் அவர் வாங்கலாம். ரசீது கேளுங்கள்.